வாழைமரம் கட்டாத கூடாரம்

அநியாயம் நடந்தது என் தாய்மாமா சங்கரலிங்கத்துக்கும் அவருடைய ஆட்கள் இரண்டு பேருக்கும். காட்டுக்குள் இருக்கும் ஓர் ஆடம்பரக் கூடார விடுதி, 'இனி நீங்கள் எங்கள் வாசலை மிதிக்கக்கூடாது' என்று கடிதம் கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டது. செய்த குற்றம் என்ன? சொன்னதைச் செய்தது. இத்தனைக்கும் அந்தக் கடிதம் எழுதப்பட்ட நேரத்தில் அங்கே வாசலே கிடையாது.

மாமா சங்கரன்கோவிலில் கல்யாணப் பந்தல் போடுகிறவர். மாடக்கண்ணு கம்பு நடுவார், இருளப்பன் துணி கட்டுவார். ஒரு தேயிலைத் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், கொட்டுகிற மழையிலும் மணமேடைமேல் ஒரு சொட்டு விழாமல் மூவரும் காப்பாற்றினார்கள். அவர் நெகிழ்ந்துபோய், "வனவிலங்குக் காப்பகத்துல நமக்கு ஒரு விடுதி இருக்கு, வந்து தங்கிட்டுப் போங்க" என்றார். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பந்தல்காரருக்கு வேலையும் கிடையாது. கிளம்பிவிட்டார்கள்.

போய் இறங்கியதும் மாமாவின் முகம் சுண்டிவிட்டது. ஆறு கூடாரம். எல்லாம் வெள்ளைத் துணி. ஒன்றின் வாசலிலும் வாழைமரம் இல்லை.

"துக்க வீடு போல இருக்கே அண்ணாச்சி" என்றார் மாடக்கண்ணு, குரலைத் தாழ்த்தி.

"நாற்காலிய வெளிய போட்டு எல்லாரும் பேசாம உக்காந்திருக்காங்க. சந்தேகமே இல்ல" என்றார் இருளப்பன்.

உட்கார்ந்திருந்தவர்கள் பறவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேலாளர் பிரின்சி சிரித்த முகத்தோடு பழச்சாறு நீட்டினார். மாமா வாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எப்பம்மா கிளம்புது?" என்று கேட்டார்.

"நாலரைக்கு சார், ஜீப்ல. நீங்க மூணு பேரும் முன்னாடியே உக்காந்துக்கலாம்."

"முன்னாடியேவா? நாங்க சொந்தக்காரங்ககூட இல்லையேம்மா" என்றார் மாமா, கண் கலங்கி.

பிரின்சி ஒன்றும் புரியாமல் விதித்தாளைக் கையில் கொடுத்தார். மூன்றே விதி. ஒன்று, ஓட்டுநர் சொல்லாமல் ஜீப்பைவிட்டு இறங்கக்கூடாது. இரண்டு, யானையைக் கண்டால் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று, புறப்படும்போது வந்த தடமே தெரியக்கூடாது. அந்தத் தாளை நான் ஏழு தடவை படித்திருக்கிறேன். மாமா மீறிய விதி எது என்று யாராவது காட்டட்டும், பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று மாலை ஜீப்பில் மூவரும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் மான் காட்டினார், காட்டெருமை காட்டினார். ஒருவரும் நிமிரவில்லை. துக்கத்துக்கு வந்த இடத்தில் யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? திரும்பி வந்ததும் ஓட்டுநர், இறங்குங்கள் என்று சொல்லாமலே டீ குடிக்கப் போய்விட்டார். நன்றாக இருட்டிய பிறகு பிரின்சி ஓடிவந்தார்.

"சார், இன்னும் இங்கயா இருக்கீங்க? இறங்குங்க."

"நீங்க ஓட்டுநரா?" என்றார் மாமா.

அந்த மனுஷனைத் தேடிக் கூட்டிவந்து சொல்ல வைத்த பிறகுதான் இறங்கினார்கள்.

யாரும் சாகவில்லை என்பது மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது தெரியவந்தது. மாமா கையை உதறிவிட்டு எழுந்தார். "நல்ல காரியத்துக்குக் கட்டினதா? அப்ப ஏன் வாழைமரம் கட்டல?" நானும் அதையே கேட்கிறேன். ஏன் கட்டவில்லை?

மூவரும் அடிவாரத் தோட்டத்தில் கேட்டு, குலை தள்ளிய வாழை பன்னிரண்டு கொண்டுவந்து ஆறு கூடாரத்து வாசலிலும் கட்டினார்கள். மத்தியானம் யானை வந்தது.

மற்ற விருந்தினர்கள் ஓடினார்கள். மாமாவும் ஆட்களும் விதிப்படி நின்றார்கள். யானை முதல் கூடாரத்திலிருந்து ஆறாவது வரை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, காட்டுக்குள் போனது. இவர்கள் நின்றார்கள்.

"போயிருச்சே அண்ணாச்சி" என்றார் இருளப்பன், உதடு அசையாமல்.

"கண்டா நில்லுன்னு போட்டிருக்கு. போனா என்ன செய்யன்னு போடலையே."

அன்று மாலை பிரின்சி அழாத குறையாக வந்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வன அதிகாரி வர்றார் சார். காட்டுக்குள்ள மனுஷத் தடம் ஜாஸ்தியாயிருச்சுன்னு ஏற்கெனவே கோபத்துல இருக்கார். அனுமதி தரலைன்னா விடுதிய மூடிருவாங்க, என் வேலையும் போயிரும். நீங்க காலையில கிளம்பும்போது வந்த தடமே தெரியக்கூடாது. தயவு செஞ்சு."

மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. மறுநாள் காலை விருந்தினர்கள் ஜீப்பில் போனதும், பிரின்சி அதிகாரியை அழைத்துவரச் சோதனைச் சாவடிக்குப் போனதும், ஆலோசனை நடந்தது.

"தடம்னா காலடியா அண்ணாச்சி?"

"வந்ததுக்கு எதெல்லாம் அடையாளமோ, அதெல்லாம்."

"அப்ப கூடாரம்?"

"ஆளு வருதுன்னுதான கட்டினாங்க? யாருமே வரலைன்னா காட்டுக்குள்ள எவன் கூடாரம் கட்டுவான்?"

இருளப்பனுக்கு ஒரு சந்தேகம். "மார்கழியில பந்தல்ல கை வைக்கலாமா?"

"கட்டத்தான் கூடாது. அவுக்கலாம்."

விடுதிப் பணியாளர்கள் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலை ஏவினால் எதிரே நிற்கிறவர்கள் தடுக்கமாட்டார்கள், கம்பு பிடிப்பார்கள். இரண்டு மணி நேரத்தில் ஆறு கூடாரமும் இறங்கின. வாசல் வளைவும் இறங்கியது. சாமான் எல்லாவற்றையும் பாறைக்குப் பின்னால் அடுக்கித் தழை போட்டு மூடினார்கள். குழிகளை மண்போட்டு மிதித்து, மேலே புல் பத்தை வைத்து, தண்ணீரும் தெளித்தார்கள்.

பதினோரு மணிக்கு அதிகாரியோடு வந்த பிரின்சி, வழி தவறிவிட்டோம் என்று ஜீப்பைத் திருப்பச் சொன்னார். அதற்குள் அதிகாரி இறங்கிவிட்டார். இங்குமங்கும் நடந்தார். குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இருபது வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். காதுல வாங்கினது நீங்க ஒருத்தர்தான்மா" என்று தழுதழுத்தார். நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார்: 'காட்டுக்குள் விடுதி இருப்பதே தெரியவில்லை. மூன்று ஆண்டுக்கு அனுமதி.'

அவர் போன பின்னால் விருந்தினர்கள் திரும்பினார்கள். அவரவர் பெட்டி வரிசையாக மரத்தடியில் இருந்தது. ஒருவர், "என் குளியலறை எங்கே?" என்று கேட்டார். மாடக்கண்ணு பணிவோடு ஒரு புல் பத்தையைக் காட்டினார்.

அப்போதுதான் பிரின்சி, ஒரு கையில் அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டே, மறுகையால் அந்தத் தடைக் கடிதத்தை எழுதினார். யாரால் வேலை தப்பியதோ அவர்களுக்கே தடை. இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். பத்தாம் நாள் மாமாவுக்குப் பிரின்சியின் கடிதம் வந்தது.

'ஐயா, தடையை நீக்கிவிட்டேன். உடனே வாருங்கள். எந்தக் கம்பு எந்தக் கூடாரத்துக்கு என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் கட்டியது இரண்டு தடவை விழுந்துவிட்டது. விருந்தினர்கள் ஜீப்பில் தூங்குகிறார்கள். வாழை தின்ற யானை தினமும் மத்தியானம் வந்து, எதிரே நின்று எங்களையே பார்க்கிறது. நாங்கள் என்ன செய்யட்டும்?'

மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

'மேனேஜரம்மாவுக்கு, வணக்கம். இது மார்கழி. பந்தக்கால் நடக்கூடாது. தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் வந்து கட்டித் தருகிறோம். அதுவரைக்கும், உங்கள் தாளில் இரண்டாவதாகப் போட்டிருக்கிறபடி, எல்லோரும் அசையாமல் நிற்கவும்.'