லாயத்துக்குத் தலைவியான வெள்ளாடு

மூங்கில்காட்டு யானைகளுக்கு ஒரு குதிரை லாயம் இருந்தது. எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பக்கம் தீப்பிடித்திருக்கிறது என்று ஓடிவந்து சொல்வது அங்கிருந்த பதினோரு குதிரைகளின் வேலை.

அவற்றில் செவலை என்ற குதிரைக்குத்தான் வேகம் அதிகம். ஆனால் மகா பயந்தாங்கொள்ளி! குட்டியாக இருந்தபோது அவன் கண்ணெதிரே தாயைச் சிறுத்தை அடித்துவிட்டது. அன்றிலிருந்து அவனால் தனியாக நிற்க முடியாது. உடம்பு நடுங்கும். தீவனம் தொண்டையில் இறங்காது.

அதனால் அவனுடைய கொட்டடியில் துணைக்கு ஒரு வெள்ளாட்டை விட்டிருந்தார்கள். பெயர் பேச்சி. அவளுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. செவலையின் காலோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு அசைபோடுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவன் கொள்ளில் வாய் வைப்பான்.

லாயத்துத் தலைவராக இருந்த கிழட்டு எருமை ஓய்வெடுக்க ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. பேச்சி நேரே யானைத் தலைவியிடம் போய் நின்றாள்.

"பெரியம்மா, அந்த வேலைய எனக்குக் குடுங்க! நடுங்கிக்கிட்டுக் கிடந்த செவலைய ஆளாக்குனது நானு. ஒருத்தன ஆளாக்குனவ பதினோரு பேர மேய்க்க மாட்டேனா?"

யானை யோசித்தது. "நீ இந்த வேலைக்கு வந்துட்டா செவலைகூட யாரு இருப்பா?"

"அதெல்லாம் நான் ஏற்பாடு பண்ணிடறேன்!"

வேலை கிடைத்தது. கிளம்பும்போது செவலை கேட்டான், "அக்கா, சாயங்காலம் வந்துடுவல்ல?"

"வராம எங்க போகப் போறேன்!" என்றாள் பேச்சி. சொல்லும்போது அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, பேச்சி கெட்டிக்காரி. லாயத்து வாசல் மேட்டில் ஏறி நின்றுகொண்டு, அங்கே வேலை பார்த்த குரங்குகளை விரட்டி விரட்டி வேலை வாங்கினாள். ஈர வைக்கோல் வெளியே போனது. குளம்புகளில் சிக்கியிருந்த கற்களையெல்லாம் எடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி இல்லை. நேற்றுவரை "ஏ பேச்சி" என்று கூப்பிட்ட காக்கை இப்போது "பேச்சியம்மா" என்றது. அது அவளுக்குத் தேனாக இனித்தது. சாயங்காலம் வந்தது, போனது. அவள் மேட்டிலிருந்து இறங்கவில்லை.

மறுநாள் காக்கை பறந்து வந்தது. "பேச்சியம்மா, செவலை தீவனத்தத் தொடல!"

"கொள்ளு வேகாம இருந்திருக்கும். நல்லா வேகவச்சுக் குடுக்கச் சொல்லு!"

அதற்கடுத்த நாள்: "கொள்ளு அப்படியே கெடக்கும்மா."

"ஆத்தோரத்து அருகம்புல்லு பறிச்சுப் போடச் சொல்லு!"

புல்லும் காய்ந்தது.

"சரி, வேற ஒரு ஆட்ட உள்ள விடு!"

விட்டார்கள். செவலை அந்த ஆட்டை முகர்ந்து பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

காக்கைக்கு மனசு கேட்கவில்லை. "பேச்சியம்மா, ஒரு எட்டு நீங்களே வந்து நின்னுட்டுப் போகலாமே! அவன் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கான்."

பேச்சி காதை ஆட்டினாள். "நல்லாருக்கே! நான் திரும்பவும் போய் அவன் கால்மாட்டுல படுத்தா, இந்தக் குரங்குங்க என்னை மதிக்குமா? 'தொணைக்கு விட்ட ஆடுதானே'ன்னு சிரிக்கும். நாளன்னைக்குப் பெரியம்மா லாயத்தப் பாக்க வர்றாங்க. அது முடியட்டும், வர்றேன்!"

இரண்டு நாளில் யானைத் தலைவி வந்தது. முதல் கொட்டடியைப் பார்த்தது, இரண்டாவதைப் பார்த்தது. "பேஷ்!" என்றது. பேச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

ஏழாவது கொட்டடியில் யானை நின்றுவிட்டது.

செவலை தரையில் கிடந்தான். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கீழே கிடந்த வைக்கோல் புத்தம் புதுசு. தொட்டியில் வெந்த கொள்ளு நிறைந்திருந்தது.

"செவலை!" பேச்சி ஓடிப்போய் அவன் கழுத்தில் முகத்தை வைத்தாள்.

அவன் மெல்லக் கண்ணைத் திறந்தான். "வந்துட்டியா அக்கா? உனக்கு வேலை அதிகம்னு காக்கா சொன்னான்."

"எந்திரிடா! ஒரு வாய் தின்னுடா! இனிமே உன்ன விட்டுப் போக மாட்டேன்டா!"

அவன் காலோடு ஒட்டிப் படுத்தாள். வாய்க்கெட்டிய வைக்கோலை இழுத்துச் சத்தமாக மென்றாள். செவலைக்கு அவள் மனம் புரிந்தது. தலையைத் தூக்கி ஒரு வாய் கொள்ளு எடுத்தான். ஆனால் அதை விழுங்கும் தெம்பு அவனிடம் இல்லை. கொள்ளு வாய் ஓரமாக வழிந்து விழுந்தது. தலையும் சாய்ந்தது.

பேச்சி வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தாள். அவன் போய்விட்டான் என்று காக்கைதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவள் அழுத அழுகையைக் கேட்டு மற்றப் பத்துக் குதிரைகளும் தீவனத்திலிருந்து வாயை எடுத்துவிட்டன.

யானை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பேச்சிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பெரியம்மா, எனக்கு இந்தப் பதவி வேண்டாம். என்னைப் பழையபடி இந்தக் கொட்டடியிலேயே விட்டுடுங்க!" என்று கெஞ்சினாள்.

"விடறேன் பேச்சி," என்றது யானை. "இங்க யாருக்குத் தொணையா இருக்கப் போற?"

எவ்வளவு உயர்ந்த வேலைக்குப் போனாலும், நம்மையே நம்பியிருக்கும் ஓர் உயிருக்கு நாம் நேரில் செய்ய வேண்டியதை ஆள்விட்டுச் செய்யக் கூடாது.