அமுதினியின் மீன்

கடலில் வாழும் அத்தனை உயிர்களுக்கும் ஒரு பெயரேடு இருக்கிறது. கணினியில்தான். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான அறிஞர்கள் ஆளுக்கொரு வகையாகப் பங்கு போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். பவளப்பாறை மீன்களின் பக்கங்களுக்கு ஞானசெல்வம் அம்மையார் பொறுப்பு. அவரிடம் ஏட்டு வேலை பழகியவர் சாத்தையா. குருவைவிடச் சீடருக்கு நாலு வயசு கூட. அதனால் என்ன, பணிவுக்குக் குறைச்சல் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாத்தையாவுக்கு விரல் நீளத்தில் ஒரு மீன் அகப்பட்டது. மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. புது இனம் என்று எழுதினார், ஏட்டிலும் ஏறியது. மகள் அமுதினியின் பெயரையே வைத்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "என் மீன், என் மீன்" என்று பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

அன்று குப்பியில் போட்டது செத்த மீன். செத்தது வளராது அல்லவா! இந்த வருஷம் அதே மாதிரி மீன் ஒன்று உயிரோடு கிடைக்க, தொட்டியில் விட்டு வளர்த்தார். முதலில் ஒரு கோடு மங்கியது. அப்புறம் இன்னொன்று. எட்டாம் மாதம் தொட்டியில் நீந்தியது சாம்பல் நிறத்தில் ஒரு மீன். சந்தையில் கூறு கட்டி விற்பதுதான். இருநூறு வருஷத்துக்கு முன்பே எவரோ பெயர் வைத்துவிட்டுப் போனது.

சாத்தையா தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். பேசாமல் கடலில் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வாளியில் அள்ளிக்கொண்டு கரை வரைக்கும் போனார். மனசு கேட்கவில்லை. அதே வாளியோடு அம்மையாரின் அறைக்கு வந்து நின்றார்.

"அம்மா, நான் பேர் வச்ச மீன் வளர்ந்து இப்படி ஆயிடுச்சு."

அம்மையார் எட்டிப் பார்த்தார். கைகொட்டிச் சிரித்தார்.

"அடடே, இவர்தானா அவர்!"

"சிரிக்காதீங்கம்மா. அந்தப் பேரை அழிச்சிடுங்க."

"நம்ம ஏட்டுல எதையாவது அழிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

இல்லைதான். தப்பான பெயரும் அங்கே இருக்கும். பக்கத்தில் 'அதுவும் இதுவும் ஒன்றே' என்று ஒரு வரி சேரும், அவ்வளவுதான்.

அம்மையார் கணினியில் தன் பெயரைத் தட்டினார். அவர் பெயர் வைத்த பத்தொன்பது மீன்களில் ஆறுக்கு நேரே அதே வரி. கல்யாண ஆல்பம் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது ஆண், இது பெண். ரெண்டு இனம்னு எழுதித் தொலைச்சேன்."

சாத்தையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மையார் வாளியைக் காட்டினார்.

"இத்தனை காலமா இந்த மீனைக் குழம்பு வச்சுத் தின்னோம். குஞ்சுல எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. இனிமே தெரியும். உட்காருங்க, நீங்களே எழுதுங்க."

எழுதினார். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. டீ வந்தது, சூடாக பஜ்ஜியும் வந்தது. இரண்டாவது பஜ்ஜியில் முகம் மறுபடி வாடியது.

"எல்லாம் சரிம்மா. சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமே. உன் மீன் இல்லைன்னு பிள்ளைகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

அம்மையார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லைன்னு ஏன் சொல்றீங்க? வளர்ந்துடுச்சுன்னு சொல்லுங்க."