ராஜா மீசையும் சுடலைமுத்துவின் மூச்சும்

நாவற்கோட்டை ராஜா கொற்றவேலிடம் பாதி ராஜ்யத்தைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பார். மீசையைக் கேட்டால் யோசிக்க மாட்டார். வாளை உருவிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு விருந்தில், வயிறு நிறைந்த தைரியத்தில், அந்த மீசையையே பந்தயம் வைத்துவிட்டார். பனையூர் ராஜாவின் ஆளோடு நம் அரண்மனைக் குத்துச்சண்டைக்காரன் சுடலைமுத்து மோத வேண்டும். எந்த ராஜாவின் ஆள் தோற்கிறானோ, அந்த ராஜாவுக்கு அதே மேடையில் மீசை மழிக்கப்படும். நாற்பது நாள் தவணை.

மறுநாள் காலையில்தான் பயம் வந்தது. சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, "என் மீசை போனால் உன் தலை போகும்" என்றார்.

சுடலைமுத்து நேரே அரசவை ஆலோசகர் ஆவுடையப்பனிடம் போனான்.

"ஐயா, என் கையில் குறை இல்லை. ஒரு குத்துக்கு மாடே உட்காரும். ஆனால் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்குது. நேற்று மடைப்பள்ளிச் சமையல்காரர் லேசாகத் தள்ளினார். விழுந்துட்டேன்."

"தினமும் ஓடுகிறாயா?"

"வஸ்தாது விட மாட்டேங்கிறார் ஐயா."

வஸ்தாது குப்பாண்டி சண்டை கற்றுக்கொடுப்பவர். அவர் யாரையும் அடித்து ஊரில் எவரும் பார்த்ததில்லை. ஆனால் அடித்த கதைகளை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், தலைக்கு நாலு தடவையாவது.

ஆவுடையப்பன் சபையில் பேச்சை எடுத்தார். "மகாராஜா, குத்துகிறவனுக்குக் கை மட்டும் போதாது. மூச்சும் தாக்குப்பிடிக்க வேண்டும். காலையில் கோட்டையைச் சுற்றி ஓடட்டும்."

வஸ்தாது துள்ளி எழுந்தார். "ஓய், ஏடு புரட்டுகிற உமக்குச் சண்டையைப் பற்றி என்ன தெரியும்? ஓடுகிறவன் கோழை! இன்று கோட்டையைச் சுற்றி ஓடுகிறவன் நாளை மேடையை விட்டே ஓடுவான். அப்புறம் மகாராஜாவின் மீசை..."

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது. அன்றே தண்டோரா போட்டார்கள். வாசகம் சொல்லிக்கொடுத்தது வஸ்தாதுதான்: 'குத்துச்சண்டைக்காரன் ஓடக் கூடாது. ஓடினால் ஓடியவனுக்கும் அவனை ஓடச் சொன்னவனுக்கும் மொட்டை. மீசையும் சேர்த்து.'

இரண்டாவது பாதியைச் சொல்லும்போது தண்டோராக்காரன் ஆவுடையப்பன் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னான்.

ஆவுடையப்பன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், ராஜாவின் பல்லக்கில் முன்கொம்பு தூக்குகிற ஆளை அவனுடைய மாமனார் வீட்டு விருந்துக்கு அனுப்பிவைத்தார். பிறகு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, பல்லக்குக்கு ஓர் ஆள் குறைகிறது. சுடலைமுத்து தூக்கட்டுமே. தோளும் உரம் ஏறும். என்ன சொல்கிறீர் வஸ்தாதே?"

"இப்போதுதான் உமக்குப் புத்தி வந்திருக்கிறது. தோளில்தான் குத்தே இருக்கிறது! தூக்கட்டும்" என்றார் வஸ்தாது.

ராஜா தினமும் விடிந்ததும் ஆற்றுக்குக் குளிக்கப் போவார். நடந்தால் இரண்டு நாழிகை வழி. போகும்போது தூக்கக் கலக்கம், சத்தம் இருக்காது. குளித்துவிட்டால்தான் பசி கொல்லும். அரண்மனையில் நெய் மிதக்கும் பொங்கல் காத்திருக்கும். பல்லக்குக்குள்ளிருந்து குரல் வரும்.

"ஓடுங்கடா! பொங்கல் ஆறுது!"

ராஜாவின் கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் வாரம் சுடலைமுத்து அரண்மனை வாசலில் பல்லக்கை இறக்கிவிட்டுத் தானும் பக்கத்தில் விழுந்து கிடந்தான். இரண்டாம் வாரம் நின்றான். நான்காம் வாரம் மற்ற மூன்று பேரும், "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று கெஞ்சினார்கள்.

பந்தய நாள் வந்தது. பனையூர்க்காரன் நம் ஆளைவிட ஒரு முழம் உயரம். மூன்றாம் சுற்று போயிற்று, நான்காம் சுற்றும் போயிற்று. பனையூர்க்காரன் நாக்குத் தள்ள நின்றான். சுடலைமுத்துவோ அப்போதுதான் எழுந்து வந்தவன் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தான். ஆறாம் சுற்றில் ஒரே குத்து. பனையூர்க்காரன் படுத்தான். அந்த மேடையிலேயே பனையூர் ராஜாவின் மீசை இறங்கியது.

"சபாஷ்! எங்கிருந்துடா வந்தது இத்தனை மூச்சு?" என்று கேட்டார் கொற்றவேல் ராஜா.

சுடலைமுத்து சூது தெரியாதவன். "பல்லக்கைத் தூக்கிக்கொண்டு தினமும் ஓடினேனே மகாராஜா, அதில் வந்தது."

"ஓடினானாம்!" என்று வஸ்தாது கத்தினார். "மகாராஜா, கேட்டீர்களா? ஆணையை மீறிவிட்டான். இவனுக்கும் மொட்டை, இவனை ஓடச் சொன்ன ஆவுடையப்பனுக்கும் மொட்டை! நாவிதன் கத்தியோடு இங்கேயே நிற்கிறான்!"

ஆவுடையப்பன் தலைகுனிந்து வணங்கினார். "ஆணை என்றால் ஆணைதான். நான் தூக்கச் சொன்னேன், வஸ்தாதும் சரி என்றார். ஓடச் சொன்னது யார் என்று அவனையே கேட்டுவிடலாம்."

சுடலைமுத்து தலையைச் சொறிந்தான். "முகம் தெரியாதுங்க. நாங்க வெளியே, அவங்க உள்ளே. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். பொங்கல் ஆறுதுன்னு."

நாவிதன் பாவம், ஒன்றும் புரியாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டே ராஜாவைப் பார்த்தான். ராஜா இரண்டு கைகளாலும் மீசையைப் பொத்திக்கொண்டார்.

"ஆவுடையப்பா, அந்த ஆணை இன்னும் இருக்கிறதா?"

"நீங்கள் எடுக்கும்வரை இருக்கும் மகாராஜா."

"எடுத்தேன்! இப்போதே எடுத்தேன்!" என்றவர், மீசை பிழைத்துவிட்டது என்று உறுதியானதும் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார். சுடலைமுத்துவுக்கு ஒரு கிராமமே கொடுத்தார்.

கிராமம் கிடைத்தவன் பல்லக்குத் தூக்குவானா? மறுநாள் காலை முன்கொம்பில் வஸ்தாது குப்பாண்டி நின்றார். ராஜாவின் உத்தரவு. ஆற்றிலிருந்து திரும்பும் வழியில், சாலை ஓரமாக வந்துகொண்டிருந்த ஆவுடையப்பன் கைகூப்பினார்.

"நடந்தே போங்கள் வஸ்தாதே. ஓடினால் கோழை ஆகிவிடுவீர்கள்."

வஸ்தாது பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது.

"ஓடுடா! பொங்கல் ஆறுது!"