பலாப்பால் பூசிய கூடு

மலையடிவாரத்தில் ஒரு பாறைக்குளம். அதன் மேல் சாய்ந்து நின்ற புங்கமரத்தில் தத்தப்பன் என்ற மரத்தவளையும் அவன் மனைவி குமிழியும் குடியிருந்தார்கள். தத்தப்பனுக்கு உடம்பைவிட வாய் பெரிது. தவளைக்கு அது சகஜம்தான். ஆனால் இவன் வாயைத் திறந்தால் மற்ற தவளைகளே காதைப் பொத்திக்கொள்ளும்.

கோடை நடுவில் ஒரு மழை கொட்டியது. இனி மழைக்காலம்தான் என்று நம்பித் தவளைகள் எல்லாம் கூடு கட்டின.

மரத்தவளையின் கூட்டுக்குக் குச்சியும் வேண்டாம், நாரும் வேண்டாம். தண்ணீருக்கு மேல் நீட்டிய கிளையில் உட்கார்ந்து, உடம்பில் ஊறும் கோழையைப் பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிட வேண்டும். ஆறிய பாலில் ஆடை படிவதுபோல நுரையின் மேல் ஒரு மெல்லிய தோல் படியும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரம் காயாது. அடுத்த மழையில் அந்தத் தோல் கரையும். தலைப்பிரட்டைகள் தொபுக் தொபுக்கென்று குளத்தில் விழும். தவளைகள் உண்டான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

கூடு கட்டிய மறுநாளே மேகம் காணாமல் போனது. கத்திரி வெயில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது.

தத்தப்பன் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"குமிழி! இந்தத் தம்மாத்துண்டு ஆடையை நம்பியா நம்ம புள்ளைங்களை விட்டிருக்கோம்? ஊதினா பறந்துடும் போலிருக்கே!"

"அப்ப ஊதாதீங்க! நீங்களும் இதுக்குள்ளேயிருந்து வந்தவருதானே? காஞ்சா போனீங்க?"

"நான் தப்பிச்சது என் சாமர்த்தியம்!"

"முட்டைக்குள்ள இருக்கும்போதேவா?"

தத்தப்பன் பக்கத்துப் பலாமரத்துக்குத் தாவிவிட்டான். பேச்சில் தோற்றால் தாவுவது அவன் பழக்கம்.

அங்கே ஒரு குரங்கு பலாப்பழத்தைக் கடித்துப் போட்டிருந்தது. காம்பிலிருந்து வெள்ளைவெளேரென்று பால் வடிந்தது. அதில் ஓர் எறும்பு கால் வைத்தது, ஒட்டிக்கொண்டது. ஓர் ஈ உட்கார்ந்தது, அதுவும் ஒட்டிக்கொண்டது. தத்தப்பன் பயந்து பயந்து ஒரு விரலை வைத்தான். விரல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது! தவளையின் கோழை உடம்பில் எந்தப் பிசின் ஒட்டும்?

தத்தப்பன் துள்ளிக் குதித்தான். "எறும்பைப் புடிக்குது, ஈயைப் புடிக்குது, என்னை மட்டும் ஒண்ணும் பண்ணலை! இது தவளைகளுக்குன்னே படைச்ச சரக்கு!"

புங்க இலையில் பாலை ஏந்தி வந்து கூட்டின் மேல் பூசினான்; வெயிலில் காய்ந்திருந்த ஆடையில் அது பிடித்துக்கொண்டது. காய்ந்ததும் மறுபடி பூசினான். அதுவும் காய்ந்தது. தடிப்பு போதவில்லை என்று இன்னொரு முறை பூசினான்.

"வேண்டாங்க! உள்ளே மூச்சு முட்டும்!" என்றாள் குமிழி. "மழை வந்தா இது எப்படிக் கரையும்?"

"மழையே வரலை, அதுக்குள்ள கரையறதைப் பத்திப் பேச வந்துட்டா! நான் கட்டுறது கோட்டை! கோட்டை எங்கேயாவது கரையுமா?"

குமிழி தடுத்துப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். அவள் கண்ணயரும் நேரம் பார்த்து அவன் இன்னொரு பூச்சு பூசிவிடுவான். கூடு பழுப்பேறித் தோல் செருப்பு மாதிரி கெட்டியானது. பக்கத்துக் கிளைத் தவளைகள் வந்து பார்த்துவிட்டு, வாய்க்கு வந்தபடி பாராட்டிவிட்டு, திரும்பிப் போகும்போது சிரித்துக்கொண்டன.

ஒருநாள் கரியமுத்து என்ற காகம் வந்தான். தவளை முட்டை என்றால் அவனுக்கு உயிர். தத்தப்பனின் கூட்டை ஓங்கி ஒரு கொத்து கொத்தினான். அலகு எகிறியது! மறுபடி கொத்தினான். மறுபடியும் எகிறியது!

இலைக்கு அடியில் ஒளிந்திருந்த தத்தப்பன் கெக்கலி கொட்டினான். "என்னய்யா கரியமுத்து, பல்லு வலிக்குதா?"

"எனக்குப் பல்லே கிடையாதுடா!"

"அடடா, பொக்கை வாயா! அப்ப கஞ்சி குடிக்கப் போய்யா!"

காகம் கறுவிக்கொண்டே பறந்தான். தத்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் மறுநாள் காலை, அதுவரை லேசாகவே பூசியிருந்த அடிப்பாகத்திலும் தடிமனாக ஒரு பூச்சு இழுத்துவிட்டான்.

அது காய்வதற்குள் வானம் இருண்டது. மழை பிடித்துக்கொண்டது.

பக்கத்துக் கிளைக் கூடுகள் எல்லாம் கரைந்தன. தொபுக்! தொபுக்! பிள்ளைகள் குளத்தில் விழுந்து வாலாட்டின. தவளைகள் ஆட்டம் போட்டன. தத்தப்பனின் கூட்டின் மேல் விழுந்த மழை மட்டும் உருண்டு உருண்டு ஓடியது. ஒரு பொட்டு ஈரம் உள்ளே இறங்கவில்லை.

குமிழி கூட்டில் காதை வைத்தாள். உள்ளே பிள்ளைகள் முட்டி மோதும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் தேய்ந்தது.

"என்னங்க... புள்ளைங்க சோர்ந்து போறாங்க!"

தத்தப்பன் கூட்டைப் பிடித்து இழுத்தான். கை வழுக்கியது. காலால் உதைத்தான். காலும் வழுக்கியது. பிசின் ஒட்டாத உடம்பு என்று பீற்றிக்கொண்டானே, அந்த உடம்புக்கு இப்போது ஒரு பிடி கிடைக்கவில்லை. அவன் கிளையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "நானே என் புள்ளைங்களை உள்ளே வச்சுப் பூசிட்டேனே!"

"அப்புறம் அழுங்க! காலையில பூசினது காஞ்சுதா, இல்லையா?"

"அடியில இன்னும் பிசுபிசுன்னுதான் இருக்கு. ஏன்?"

குமிழி கிளை நுனிக்குத் தாவினாள். பலாமரத்தில் நனைந்துகொண்டிருந்த காகத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கரியமுத்து அண்ணே! இந்தக் காட்டுல உங்க அலகுதான் ரொம்ப மொண்ணைன்னு குயில் சொல்லுதே, நிசமா?"

"எவ சொன்னா?"

"நான் நம்பலைண்ணே! ஆனா நேத்து நீங்க தோத்து ஓடினதை எல்லாருமே பார்த்தாங்க. இந்தக் கூட்டுக்கு அடிப்பக்கம்தான் கொஞ்சம் இளசா இருக்கு. அதைக்கூட உங்களால முடியாதாம்!"

காகத்துக்குக் குயில் பெயரைக் கேட்டாலே எரியும். கரியமுத்து அம்பாகப் பாய்ந்து வந்து அடிப்பக்கத்தில் கொத்தினான். அலகு புதைந்தது. அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது!

இழுத்தான். வரவில்லை. சிறகை அடித்தான். வரவில்லை. கிளையில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, கண் பிதுங்க, முழு மூச்சாக ஓர் இழுப்பு இழுத்தான். சர்ர்ரென்று கூட்டின் அடிப்பாகம் முழுவதும் பிய்த்துக்கொண்டு வந்தது!

தொபுக்! தொபுக்! தொபுக்! தலைப்பிரட்டைகள் குளத்தில் கொட்டின. தின்ன வேண்டியவன் வாயைத் திறக்க முடியாமல், அலகில் பிய்ந்த பலாப்பால் தோல் தொங்க, "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று முனகியபடி பறந்து போனான். அதற்குப் பிறகு வெகுநாள் குளக்கரை நிம்மதியாகத் தூங்கியது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் விழவில்லை. பூச்சு அதிகம் தடித்த மேல்பக்கத்தில் சில முட்டைகள் அசையாமலே கிடந்தன. தத்தப்பன் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக மூடியிருந்தது.

அடுத்த கோடையில் இளம் தவளை ஒருவன் ஓடிவந்து கேட்டான். "மாமா, கூட்டுக்குப் பலாப்பால் பூசலாமா? எப்படிப் பூசணும்?"

"காலால அடிச்சு நுரை பொங்க வைடா. அதுக்கு மேல எதையாவது பூசினே, உன்னைக் கரியமுத்துகிட்ட நானே புடிச்சுக் குடுத்துடுவேன்!" என்றான் தத்தப்பன்.

பிள்ளைகளைக் காக்கப் போடும் போர்வை, அவர்கள் புறப்படும் நாளில் தானாகக் கரைந்து வழிவிடும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும்.