ஒட்டு வைத்த நடுத்துண்டு

"மதர், என் பிள்ளைகள் ரெண்டு பேரையும் ஒருவழியா ஒண்ணு சேத்துட்டேன். அப்புறமும் நெஞ்சு படபடன்னு அடிக்குது. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

ஜெப வீட்டு முற்றத்தில் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதர் அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தார். வயதில், எதிரே நின்ற தஸ்நேவிஸுக்கு ரொம்ப இளையவர்தான். ஆனாலும் மனைவி பிலோமி போனதிலிருந்து, மனசு கனத்தால் அவர் வந்து நிற்பது இந்த முற்றத்தில்தான்.

"உக்காருங்கண்ணே. எப்படிச் சேத்தீங்க?"

"நாளைக்கு அவ வருஷ நினைவுப் பூசை. பெரியவன் கிளாட்வின் கப்பல்லருந்து லீவு போட்டு வந்திருக்கான். சின்னவன் டெரன்ஸும் வந்துட்டான். அம்மா படத்து மேல ரெண்டு பேரையும் கை வைக்கச் சொன்னேன். பழசைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

மதருக்கு அந்தப் பழசு தெரியும். பிலோமி இறந்த அன்று தஸ்நேவிஸ் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிளாட்வின் வந்துகொண்டிருந்தான். மத்தியானமே டெரன்ஸ் பெட்டியை மூடி அடக்கத்தை முடித்துவிட்டான். சாயங்காலம் வாசலில் வந்து இறங்கிய கிளாட்வினுக்கு அம்மா முகம் இல்லை. அன்றைக்கு நின்ற பேச்சு.

"இப்பப் பேசுதாங்களா?"

"நேத்து ராத்திரி ஒரே மேசையில சாப்பிட்டாங்க, மதர். 'உப்பை இங்க தள்ளு'ன்னான் பெரியவன். தள்ளினான்."

"உப்புக்காவது வாய் திறந்துச்சே."

தஸ்நேவிஸ் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"முந்தியெல்லாம் அந்த மேசையில காது கொடுக்க முடியாது, மதர். சீலா மீன் வாங்கினா நடுத்துண்டுக்கு ரெண்டும் அடிச்சுக்கும். பிலோமி சூட்டோட அதை விரலால ரெண்டாப் பிய்ச்சு வைப்பா. 'பெருசு அவனுக்கு'ம்பான் சின்னவன். உடனே தட்டை மாத்தி வைப்பா. 'இப்பப் பெருசு அவனுக்கு'ம்பான் பெரியவன். கடைசியில அவ தட்டுல ஒண்ணும் இருக்காது. முள்ளைச் சூப்பிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இருப்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு மீன் துண்டு. வட்டமாக, உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தது.

"அடேயப்பா! இம்புட்டுப் பெரிய சீலாவா?"

"அந்தப் பருமன்ல மீன் இப்ப எங்க கரைக்கு வருது? வாலும் ஓரமுமாக் கிடந்த சில்லறைத் துண்டுங்க, மதர். எங்க மீன் கம்பெனியில ஒரு பொடி உண்டு. நொதி. சதையில இருக்க புரதத்தை இன்னொரு சதைப் புரதத்தோட கட்டிப் போட்டுரும். நாங்க ஒட்டுப்பொடிம்போம். தூவி, இறுக்கிச் சுத்தி, ராவெல்லாம் ஐஸ்ல வெச்சா ஒரே மீன். இதே மாதிரி இன்னொண்ணு வீட்டுல இருக்கு. நாளைக்கு நானே அவ மாதிரிப் பிய்ச்சு வைக்கப் போறேன். இது உங்களுக்கு."

மதர் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஒட்டினீங்கன்னே தெரியலையே."

"தெரியாது, மதர்." குரலில் கொஞ்சம் பெருமை. "அதே மாதிரிதான் வீட்டுலயும். நாளை ஒரு நாள் எவனும் வாயைத் திறக்காமக் கழிஞ்சாப் போதும். அதுக்குத்தான் ஜெபம் கேக்கேன்."

மதர் கண்ணை மூடவில்லை. சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினார். உப்பும் மிளகாய்த்தூளும் தடவி மீனைப் போட்டார். தீயைக் கூட்டினார். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பினார். மறுபக்கமும் சிவந்த உடனே எடுத்து இலையில் வைத்து மடித்தார்.

"எனக்கு எதுக்கண்ணே. கொண்டுபோயி பிள்ளைகளுக்குச் சூடாக் கொடுங்க."

தஸ்நேவிஸ் பதறி எழுந்தார்.

"ஐயையோ! கொடுக்கக் கூடாது, மதர்! உள்ளே பச்சையா இருக்கு!"

"மேலே நல்லாச் செவந்திருக்கே."

"மேலே செவந்து என்ன செய்ய? சாதா மீன்னா கத்தி பட்டது, கை பட்டது, ஈ உக்காந்தது எல்லாம் மேல்பக்கத்தோட போச்சு. சட்டியில பட்டதும் கிருமியெல்லாம் செத்துரும். இது ஒட்டு வெச்சது, மதர். மேலே இருந்த அழுக்கையெல்லாம் நானே உள்ள வெச்சு மூடியிருக்கேன். நடு வரைக்கும் வேகணும். இல்லேன்னா அது உள்ளயே கிடந்து பெருகும். அப்படியே தின்னா என் பிள்ளைங்க..."

இலையை மதர் பக்கமே தள்ளினார்.

மதர் மீனை மறுபடி சட்டியில் போட்டார்.

"அப்ப வேகட்டும். மேலே கருகாதாண்ணே?"

"தீயைக் குறைச்சு வெச்சுப் பக்கத்துலயே நின்னா கருகாது," என்றார் தஸ்நேவிஸ். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

மதர் விறகை வெளியே இழுத்தார். எண்ணெயின் சத்தம் தணிந்தது. கடலின் சத்தம் கேட்டது.

தஸ்நேவிஸ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"கிளாட்வின், தம்பி எங்கடா?"

"இங்கதாம்ப்பா. பேனுக்குக் கீழ உக்காந்து பேப்பர் படிக்கான். அரை மணி நேரமா ஒரே பக்கம்."

"அவன்கிட்டக் கேளு."

"என்னத்தக் கேக்க?"

"நீ வர்றதுக்குள்ள அம்மா பெட்டியை ஏன் மூடினான்னு கேளு."

அந்தப் பக்கம் கிளாட்வின் அதையே தம்பியிடம் கேட்பது காதில் விழுந்தது. பிறகு பேப்பர் கீழே விழும் சத்தம்.

"ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிராதீங்கடா," என்றார் தஸ்நேவிஸ், செருப்பைத் தேடிக்கொண்டே. "அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்."