புனுகுப்பூனை காட்டிய வளை

சுண்டைக்காட்டில் ஈட்டியப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் மனைவி பெயர் சலங்கை. நடந்தால் முட்கள் கலகலக்கும் என்பதால் அந்தப் பெயர். ஈட்டியப்பனுக்கு முட்களைவிட வாய்தான் அதிகமாகக் கலகலக்கும்.

ஒருநாள் அவர்கள் வளைமேல் ஒரு யானை உட்கார்ந்துவிட்டது. வேண்டுமென்று அல்ல, கால் வலித்ததாம். வளை அப்பளமாக நொறுங்கியது. இரண்டும் கிழங்கு தோண்டப் போயிருந்ததால் பிழைத்தன.

சலங்கை வயிற்றில் குட்டி இருந்தது. "மழைக்கு முன்னால ஒரு வளை பார்த்துடணுங்க! நனைஞ்ச தரையில பெத்துப் போட முடியாது!" என்றது.

அந்தக் காட்டில் வளை பிடித்துத் தரும் தரகர்கள் இருவர். ஒன்று, கத்தாயி என்ற ஆள்காட்டிக் குருவி. நாள் முழுக்கத் தரையில் நடக்கும். ஒரு அடி மண் விடாமல் தெரியும். குரல் மட்டும் சட்டியைச் சுரண்டுவது போல இருக்கும்.

"பாறைச் சரிவுல ஒரு வளை இருக்கு தம்பி. ஆனா..." என்று ஆரம்பித்தது கத்தாயி.

"நல்ல காரியம் பேச வந்த இடத்துல எடுத்ததுமே ஆனாவா? வா புள்ள, போகலாம்!" என்றது ஈட்டியப்பன்.

"என்ன ஆனான்னு கேட்டுட்டுப் போகலாமே!"

"ஒண்ணும் வேண்டாம்!"

இன்னொரு தரகர் வாசன் என்ற புனுகுப்பூனை. வாசன் வந்தாலே காடு மணக்கும். அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. வாலுக்கு அடியிலிருந்து வருகிறது.

"வாங்கண்ணே! வாங்க அண்ணி! உங்களுக்குன்னே ஒரு வளை வெச்சிருக்கேன்!" என்று கூட்டிப் போனது வாசன்.

பரந்த வெட்டவெளி. நடுவில் ஒரு வளை.

"ஏன் இங்கே ஒரு மரம்கூட இல்லை?" என்று கேட்டது சலங்கை.

"வெளிச்சம் அண்ணி, வெளிச்சம்!"

"தரையெல்லாம் நத்தை ஓடா கிடக்கே?"

"டைல்ஸ் அண்ணி! பதிச்சே கொடுத்துட்டோம்!"

"முன்னால யாரு இருந்தாங்க? ஏன் போனாங்க?"

"ஒரு பெருச்சாளிக் குடும்பம். வசதி வந்துடுச்சு, போயிட்டாங்க!"

காட்டில் எந்த இடத்தையும் மூக்கால்தான் பார்ப்பார்கள். சலங்கை சுவரை முகர்ந்தது. புனுகு மணம். தரையை முகர்ந்தது. அங்கேயும் புனுகு மணம். வாசன் முதல் நாளே வந்து மூலைக்கு மூலை பின்பக்கத்தைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தது.

"ஒரு கீரி ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயிருக்காரு. இன்னைக்கே முடிச்சுடுங்கண்ணே!"

ஈட்டியப்பன் முடித்துவிட்டது. பிரசவத்துக்குச் சேர்த்து வைத்த இலந்தைப் பழம் முழுவதும் தரகாகப் போனது.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. முதலில் புனுகு மணம் கரைந்தது. அப்புறம் சேற்று வாடை வந்தது. மூன்றாம் நாள் காலையில் வாசல் வழியாகத் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு ஒரு கெளுத்தி மீனும் வந்தது.

"யாரு நீங்க?" என்று கேட்டது மீன்.

"நாங்க இந்த வீட்டுக்காரங்க!" என்றது ஈட்டியப்பன்.

"இது ஏரி!" என்றது மீன். "வருஷா வருஷம் யாராவது வந்து இப்படித்தான் சொல்றீங்க. போன வருஷம் பெருச்சாளிங்க. பாவம், குடும்பத்தோட மிதந்து போச்சுங்க."

"வசதி வந்து போனதா சொன்னாங்களே!" என்றது சலங்கை.

"தண்ணிதான் வந்துச்சு!"

ஈட்டியப்பன் தலையால் சலங்கையை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டே நீந்தியது. இரண்டு முறை சலங்கையின் மூக்கு நீருக்குள் போய்விட்டது. எப்படியோ கரை ஏறின.  

கரையில் வாசன் நின்றுகொண்டிருந்தது. எதிரே இரண்டு ஆமைகள்.

"நீச்சல்குளம் வெச்ச வீடுங்க! இந்தக் காட்டுல வேற எங்கேயும் கிடையாது!"

ஈட்டியப்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. "அடப்பாவி! இது ஏரின்னு ஏண்டா சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணே!" என்று சொல்லி மரத்தில் ஏறிக்கொண்டது வாசன்.

"கோடையில இங்கே ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது" என்று ஆமைகளிடம் சொன்னது சலங்கை. ஆமைகள் கழுத்தை உள்ளே இழுத்து யோசித்தன. பிறகு திரும்பி நடந்தன. திரும்பி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

சலங்கை நேரே கத்தாயியிடம் போனது. "அந்த ஆனா என்னன்னு சொல்லுங்க அக்கா!"

"வாசல் குறுகல் தாயி. உன் வீட்டுக்காரர் முள்ளை மடக்கித்தான் நுழையணும். கிழக்கு மூலை ஒழுகும். பக்கத்துல ஒரு கரடி இருக்கு, குறட்டை விடும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். என் பேச்சை மட்டும் நம்பி எடுக்காதே. கரடியையும் கேளு. மழை பெய்யும்போதே உள்ளே போய்ப் படுத்துப் பாரு. பிடிச்சா அப்புறம் என் தரகைப் பேசலாம்."

இரண்டும் கரடியிடம் போய்க் கேட்டன.

"குறட்டையா? நானா? சுத்தப் பொய்!" என்று உறுமியது கரடி. "மூலை ஒழுகுறது நிஜம். மத்தபடி நல்ல வளை. எத்தனை மழைக்கும் அந்த மேட்டுக்குத் தண்ணி ஏறினதில்லை." சொல்லி முடித்ததும் அங்கேயே தூங்கிப் போனது. அடுத்த நொடி பாறை அதிர்ந்தது.

சலங்கைக்குச் சிரிப்பு வந்தது. வளைக்குள் போய், ஒழுகாத மூலையாகப் பார்த்துப் படுத்தது. கொட்டுகிற மழையிலும் தரை உலர்ந்தே இருந்தது.

அங்கே குடிவந்த நாலாம் நாள் இரண்டு குட்டிகள் பிறந்தன. பிறந்ததும் இரண்டும் சேர்ந்து வீறிட்டன.

கரடி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது. "பக்கத்து வீட்டுல இவ்வளவு சத்தம் வரும்னு எனக்கு யாருமே சொல்லலையே!" என்றது.

குறையை மறைத்து இனிக்க இனிக்கப் பேசும் தரகரை நம்பாதே. குறையை முதலில் சொல்லி, நீயே விசாரித்துப் பார் என்பவரையே நம்பு.