பதினோரு பேர் சேர்ந்த பக்கம்

"நாற்பதாயிரம் பேர் வந்து பாத்திருக்காங்க மேடம். சேர்ந்தது பதினோரு பேர். மீதிப் பேருக்கு என்னதான் வேணுமாம்?"

வில்வநாதன் இப்படிக் கேட்டபோது ஷாகிதா மதியச் சாப்பாட்டில் இருந்தார்.

வில்வநாதனுக்கு நாற்பத்தொன்பது வயது. திருச்சியில் ஆறு பேரை வைத்துக்கொண்டு இணைய விளம்பரத் தொழில் செய்கிறவர். ஷாகிதாவுக்கு முப்பத்து மூன்று. பெங்களூரில் பெரிய கம்பெனிகளுக்கு ஆப் வடிவமைத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு உறையூரில் இரண்டு அறை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். தொழிலில் முட்டிக்கொண்டு நின்றவர்கள் அவரைத் தேடி வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கோபத்தோடுதான் திரும்பிப் போவார்கள்.

"எதுக்கான விளம்பரம் சார்?"

"டிரைவிங் ஸ்கூல். பெண்களுக்கு மட்டும். ரெஜினா மேரின்னு ஒருத்தங்க நடத்தறாங்க. மூணு மாசமா பண்றேன். இணையத்துல விளம்பரப் பக்கத்தை நாலு தடவை மாத்தியாச்சு. பட்டனைப் பச்சையாக்கினேன். ஆரஞ்சாக்கினேன். 'இன்றே கடைசி நாள்'னு கூடப் போட்டேன்."

"கடைசி நாளா?"

"இல்ல. அப்படிப் போடறது வழக்கம்."

ஷாகிதா வாயிலிருந்த சோற்றை மென்று முடித்தார்.

வில்வநாதன் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்க. யார் எங்கே விரல் வெச்சாங்க, எந்த வரியில நின்னாங்க, எங்கே வெளியே போனாங்க, எல்லாம் சிவப்பும் மஞ்சளுமா தெரியுது. எல்லாம் தெரியுது மேடம். ஏன்னுதான் தெரியல."

ஷாகிதா இடது கையால் மடிக்கணினியை மூடினார்.

"அந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேர்கிட்ட பேசியிருக்கீங்க?"

"அவங்கதான் சேர்ந்துட்டாங்களே. சேராதவங்களைப் பத்தித்தானே கேக்கறேன்."

"பேசிட்டு வாங்க."

"மேடம், இன்னைக்குத் திங்கள். வெள்ளிக்கிழமை ரெஜினா மேடம் அடுத்த ஆறு மாச ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். போடலைன்னா நான் ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பணும். இப்போ போய்..."

ஷாகிதா கை கழுவ எழுந்து போய்விட்டார்.

*

அன்று மாலையே வில்வநாதன் பதினோரு எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் எண்ணில் ஒரு பெண், "லோன் வேணாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டாவது எண் எடுக்கவே இல்லை.

மூன்றாவதில், "கார்டும் வேணாம். உங்களுக்கு யாரு என் நம்பரைக் குடுத்தது?"

ஒரு மனுஷன் வாயைத் திறக்கும் முன்பே வைத்துவிடுகிறார்களே, இவர்களை இப்படிப் பழக்கியது யார் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த எரிச்சல் தன் தொழில் பக்கமே திரும்பியது. அதை அவர் அதிகம் யோசிக்கவில்லை.

ஐந்தாவது எண் சற்குணம் என்ற அம்மாளுடையது. ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர்.

"பக்கமா? எந்தப் பக்கம் சார்?"

"இணையத்துல, அம்மா. பேரு, நம்பர் எல்லாம் நீங்க நிரப்பினீங்களே."

"நான் ஒண்ணும் நிரப்பலையே. நேரா ஸ்கூலுக்குப் போனேன். அங்கே மேஜையில இருந்த பொண்ணு கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டர்ல தட்டுச்சு."

"ஸ்கூல் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"புத்தூர் நாலு ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னேன் சார். நடு ரோட்டுல ஒரு கார் நின்னுபோச்சு. ஓட்டினது என் வயசு இருக்கிற அம்மா. பின்னாடி அத்தனை பேரும் ஹாரன் அடிக்கறாங்க. பக்கத்துல இருந்த டீச்சர் ஒரு வார்த்தை திட்டல. கார் மேல எழுதியிருந்த நம்பரை அப்பவே மனசுல ஏத்திக்கிட்டேன்."

வில்வநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க பக்கத்தை அப்புறமாவது பாத்தீங்களா?"

"என் பொண்ணு காட்டினா. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பொண்ணு, மேல்கூரை இல்லாத காரு, காலி ரோடு. நல்ல வேளை சார். முன்னாடியே பாத்திருந்தா நமக்கில்லன்னு போயிருக்கவே மாட்டேன்."

அந்தப் படத்தை இரண்டு நாள் தேடி எடுத்தவர் வில்வநாதன்.

மறுநாள் இன்னும் ஐந்து பேர் எடுத்தார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருத்தர் காரைப் பார்த்தவர், ஒருத்தருக்குப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புதன்கிழமை அவர் பள்ளிக்கே போய் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணைக் கேட்டார்.

"எல்லாரையும் இந்தப் பக்கத்துலதான் பதியணும்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்களே சார். அதான் நானே போட்டுடுவேன்."

"எத்தனை பேரை?"

"எல்லாரையும்தான்."

*

"பதினொண்ணு இல்ல மேடம். பூஜ்யம்."

சற்குணம் அம்மாவில் தொடங்கி அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஷாகிதா தலையசைத்தார். "ரெஜினா மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்தப் பதினொண்ணைப் பாத்துத்தான் கையெழுத்துப் போடப்போறாங்க. போகப் போக ஏறும்னு நானே சொல்லிவெச்சிருக்கேன்."

ஷாகிதா மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"ஏதாவது சொல்லுங்க மேடம். பக்கத்தை எப்படி மாத்தறதுன்னு கேக்க வந்தேன். பேசச் சொன்னீங்க, பேசினேன். இருந்த பதினொண்ணும் போச்சு. என்னை நம்பி ஆறு குடும்பம் இருக்கு."

"சற்குணம் அம்மா எத்தனை மணிக்கு வண்டி எடுக்கறாங்க?"

"காலைல ஏழுன்னாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பின் சீட்ல இடம் இருக்கும்."

அவ்வளவுதான். வில்வநாதன் படியிறங்கி வண்டியை உதைத்தபோது, இதைச் சொல்வதற்கு ஒரு ஆள், அதைக் கேட்க நானொரு ஆள் என்று வாய்விட்டே சொன்னார்.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் பின் சீட்டில் இருந்தார்.

ரெஜினாதான் கற்றுக்கொடுப்பது. அவருடைய பக்கமும் பிரேக் இருந்தது. சற்குணம் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. கார் நின்றது. எஞ்சினும் நின்றது. வண்டி ஒரு சாண் பின்னால் சரிந்து நின்றது.

ஹாரன் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு எல்லாம். ஒரு ஆள் பைக்கை ஜன்னலோரம் கொண்டுவந்து, "வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்று கத்திவிட்டுப் போனான்.

வில்வநாதனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று மாதமாக அவர் விற்றுக்கொண்டிருந்தது இந்த இடத்தைத்தான். அவர் இதற்கு முன் இங்கே வந்ததில்லை.

"கிளட்ச்சை, அம்மா, கிளட்ச்சை..."

"சார், நீங்க பேசாதீங்க." ரெஜினா திரும்பிப் பார்க்காமல் சொன்னார். பிறகு சற்குணத்திடம், "அவங்க காத்திருப்பாங்க. ரோடு உங்களுக்கும்தான். அவசரமே இல்ல. ஹேண்ட் பிரேக். அப்புறம் சாவி."

மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது. கார் உறுமிக்கொண்டு ஏறியது.

பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கியதும் சற்குணம் ஓரமாக நிறுத்தினார்.

"டீச்சர், அதே பாலத்துல இன்னொரு தடவை போலாமா?"

போனார்கள்.

*

சற்குணம் இறங்கி வேலைக்குப் போன பிறகு வில்வநாதன் சொன்னார். "மேடம், அந்தப் பதினோரு பேரும் என்னால வந்தவங்க இல்ல. உங்க காரைப் பாத்து வந்தவங்க. உங்க ஆபீஸ் பொண்ணு பதிஞ்சதை நான் என் கணக்குல காட்டிட்டேன். தெரியாமத்தான். ஆனா இப்போ தெரியும். என் பக்கத்துனால ஒருத்தர் கூட வரல."

ரெஜினா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துத் துணியை மடித்தார்.

"மூணு மாசம்."

"ஆமா."

"அப்போ நாளைக்கு நீங்க வர வேண்டாம் சார்."

அந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வேறு வார்த்தை வந்தது.

"ஒப்பந்தம் வேணாம். ஒரு வாரம் மட்டும் குடுங்க. ஃபார்ம், பட்டன் எல்லாத்தையும் எடுத்துடறேன். ஒரே ஒரு போன் நம்பர் போடறேன். என் நம்பர்."

"சேர நினைக்கிறவங்க என்னைத்தானே கூப்பிடணும். நீங்க எதுக்கு?"

"எனக்கு அவங்க யாருன்னே தெரியாது மேடம். பேசினாத்தானே தெரியும்."

ரெஜினா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவிக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று சாயந்திரம் கூலிங் கிளாஸ் பெண் போனாள். சற்குணத்தைக் கேட்டு வாங்கிய படம் வந்தது. புடவையில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. கீழே ஒரு வரி: அவசரமே இல்ல, அவங்க காத்திருப்பாங்க. அதற்கும் கீழே வில்வநாதனின் எண்.

*

அடுத்த வியாழக்கிழமை அவர் உறையூருக்குப் போனபோது முகம் கறுத்திருந்தது. சரியாகத் தூங்காத கண்.

"எத்தனை பேர் சேர்ந்தாங்க சார்?" என்று ஷாகிதா கேட்டார்.

"லால்குடியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க மேடம். வாசல்லயே கார் நிக்குதாம். வீட்டுக்காரர் ஓட்டினது. அவர் தவறி ஒரு வருஷம் ஆகுது. விக்கவும் மனசு வரல, தொடவும் மனசு வரலைன்னாங்க. முக்கால் மணி நேரம் பேசினாங்க. நான் என்ன சொல்றது? வகுப்பு, நேரம் எதையும் சொல்ல வாய் வரல. சாவியை எடுக்காதீங்கம்மா, கதவை மட்டும் திறந்து ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க, முடிஞ்சா சொல்லுங்கன்னேன். மூணு நாளாச்சு. நான் சொன்னது சரியா தப்பான்னு..."

அவர் போன் அடித்தது.

எண்ணைப் பார்த்ததும் வில்வநாதன் எழுந்துவிட்டார்.

"அவங்கதான்" என்றார். "சொல்லுங்கம்மா, உக்காந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார்.